காலி இடத்தில் எதைக் கேட்பது? பூங்கா, விளையாட்டுத் திடல், மழைநீர்ப் பூங்கா, அடர்வனம்: ஓர் ஒப்பீடு

"எங்கள் நகரில் பத்து கிரவுண்டு ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீடு) இடம் சும்மா கிடக்கிறது. கவுன்சிலரிடம் போனால், 'என்ன வேணும்னு நீங்களே பேசி ஒரு முடிவுக்கு வாங்க' என்கிறார். சங்கத்தில் நாலு பேர் நாலு விதமாகச் சொல்கிறார்கள். எதைக் கேட்பது?"

சென்னையின் குடியிருப்போர் நலச்சங்கங்களில் அடிக்கடி எழும் கேள்வி இது. நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2022 பிப்ரவரியில் நடந்தது. பதவிக்காலம் ஐந்தாண்டு. கடைசிக் கட்டம் வரும்போது, வார்டில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏதாவது செய்துவிட வேண்டும் என்ற அவசரம் எல்லா உறுப்பினர்களுக்கும் வரும். மக்களுக்கு அது நல்ல வாய்ப்புதான். ஆனால் அவசரத்தில் கேட்டு வாங்கியது பிறகு பூட்டிக் கிடந்தால், அந்த இடம் இன்னும் பதினைந்து வருடத்துக்கு நம் கைக்கு வராது. "அங்கேதான் ஏற்கெனவே பணம் செலவு பண்ணியாச்சே" என்று அடுத்து வருகிறவர் சொல்லிவிடுவார்.

அதனால் திறப்பு விழா நாளை மறந்துவிட்டு மூன்றாவது வருடத்தை யோசித்து முடிவெடுக்க வேண்டும் என்பது என் கருத்து. கீழே உள்ள ஒப்பீடு முழுக்க அந்தக் கண்ணோட்டத்தில்தான் எழுதியிருக்கிறேன்.

## முதலில் பத்திரம்

எதைக் கேட்பது என்று பேசுவதற்கு முன்னால், எதைக் கேட்க முடியாது என்று தெரிந்துகொள்வோம். தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரித்தால், சாலைகள் போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்தாக வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால், இடம் கொடுக்க முடியாதபோது வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டலாம். பத்து கிரவுண்டு என்பது ஏறக்குறைய 2,230 சதுர மீட்டர். ஆக, சாலைகள் போக சுமார் ஐந்தரை ஏக்கர் உள்ள மனைப்பிரிவிலிருந்து வந்த இடமாக அது இருக்கும்.

அந்த இடம் பூங்காவுக்கும் விளையாட்டுக்கும் உரியது. சமுதாயக் கூடம், ரேஷன் கடை, கட்சிக் கொடிமேடை, சங்க அலுவலகம் எதற்கும் அது உரியதல்ல. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தை மருத்துவமனை கட்டத் தனியார் அறக்கட்டளைக்குக் கொடுத்தபோது, 1991-ல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. மருத்துவமனை நல்ல காரியம்தான். ஆனாலும் பூங்காவுக்கான இடம் பூங்காவுக்குத்தான் என்பதே தீர்ப்பின் சாரம். "பாதி இடத்தில் ஒரு மண்டபம் கட்டித் தருகிறேன்" என்று யார் சொன்னாலும் இதை நினைவில் வையுங்கள்.

தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா, மாநகராட்சிக் கணக்கில் இடம் ஏறியிருக்கிறதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும். இதைச் செய்யாமல் வேலையை ஆரம்பித்தால், மண் கொட்டி வேலி போட்ட பிறகு யாராவது பட்டாவோடு வந்து நிற்கும் நிலை ஏற்படலாம்.

## எதை வைத்து எடைபோடுவது?

நான் ஐந்து விஷயங்களைப் பார்ப்பேன்.

யார் பயன்படுத்துவார்கள்? வார்டில் முதியவர்கள் அதிகமா, பள்ளிப் பிள்ளைகளா, அடுக்குமாடிக் குடும்பங்களா, பக்கத்திலேயே ஒண்டுக் குடித்தனங்களும் குடிசைப் பகுதியும் இருக்கின்றனவா? கூட்டத்தில் பேசுகிறவர்களுடைய தேவையும் வார்டின் தேவையும் ஒன்றாக இருப்பது அபூர்வம். கூட்டத்துக்கு வருவது பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். பதினான்கு வயதுப் பையனும் பெண்ணும் அங்கே வரமாட்டார்கள். அவர்களைத் தேடிப் போய்க் கேட்க வேண்டும்.

தண்ணீர் எங்கிருந்து வரும்? மே மாதத்தில் வருமா?

மண்ணும் மட்டமும் எப்படி? தெருவைவிட இடம் தாழ்வா, உயரமா? மணலா, களியா?

மூன்றாவது வருடம் யார் சம்பளம் கொடுப்பார்கள்? தோட்டக்காரர், காவலாளி, மின்கட்டணம், கழிப்பறை எல்லாம் இதில் அடக்கம்.

கடைசியாக, தவறாகப் போனால் மாற்ற முடியுமா? செம்மண் திடலை நாளைக்கே பூங்காவாக்கலாம். கான்கிரீட் போட்டு மூடியதை எளிதில் திருப்ப முடியாது.

## கவுன்சிலரின் பழைய வேலையைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்

ஒரே கோரிக்கை ஒரு வார்டில் நன்றாக நடக்கும், பக்கத்து வார்டில் பாழாகும். ஆகவே உங்கள் உறுப்பினர் இதுவரை என்ன செய்திருக்கிறார் என்பதும் தேர்வில் ஒரு பங்கு. அதைப் பேனரிலும் கல்வெட்டிலும் தேடாதீர்கள். அவருடைய காலத்தில் திறந்த, இரண்டு வருடமாவது ஆன ஒரு பூங்காவுக்கு மதியம் மூன்று மணிக்குப் போங்கள். கதவு திறந்திருக்கிறதா? குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறதா? ஊஞ்சலுக்குப் பக்கத்தில் நின்று மேலே பாருங்கள். சங்கிலி மாட்டிய கொக்கி தேய்ந்து பாதியாகியிருந்தால், மாதாமாதம் யாரும் பார்ப்பதில்லை என்று அர்த்தம். உடற்பயிற்சிக் கருவிகளில் மிதிகட்டை பற்றவைத்த இடத்தில்தான் முதலில் விடும். அதைச் சணல் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறார்களா, மறுபடி பற்றவைத்திருக்கிறார்களா? இந்த நாலு பார்வையில் தெரிந்துவிடும்.

அதே சமயம், அவர் கையில் இல்லாததற்கு அவரைக் குறை சொல்வதும் நியாயமில்லை. மாமன்ற உறுப்பினர் மேம்பாட்டு நிதி ஆண்டுக்குச் சில பத்து லட்சங்கள்தான். வார்டு முழுக்க உள்ள எல்லா வேலைக்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். பெரிய பணிகளுக்கு மாநகராட்சியின் மூலதன நிதியோ சிங்காரச் சென்னை 2.0 போன்ற திட்டமோ வேண்டும். டெண்டர் விடுவதும் கையெழுத்துப் போடுவதும் அதிகாரிகள். சேனாய் நகர் திரு.வி.க. பூங்கா மெட்ரோ வேலைக்காக 2011-ல் மூடப்பட்டு 2023-ல்தான் திறந்தது. மூடியபோது ஐந்து வயதாக இருந்த குழந்தைக்குத் திறந்தபோது பதினேழு வயது. இதற்கெல்லாம் எந்த ஒரு வார்டு உறுப்பினரையும் பொறுப்பாக்க முடியாது.

அவருடைய கணக்கில் நியாயமாக ஏறுபவை வேறு. ஆக்கிரமிப்பை அகற்ற நின்றாரா? பகுதி சபைக் கூட்டத்தை (வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் கூட்டம்) ஒழுங்காகக் கூட்டினாரா? அங்கே போட்ட தீர்மானத்தை மண்டல அலுவலகத்தில் விடாமல் கேட்டாரா? உதவிப் பொறியாளரையும் பூங்காத் துறையையும் ஒரே நாளில் இடத்துக்கு வரவழைக்க அவரால் முடிகிறதா? கடைசிக் கேள்விக்கு "ஆமாம்" என்றால் கொஞ்சம் பெரிதாகவே கேட்கலாம். இல்லை என்றால், பராமரிப்பு குறைவாகத் தேவைப்படுவதைக் கேட்பதுதான் புத்திசாலித்தனம்.

## 1. அலங்காரப் பூங்கா

எட்டு வடிவ நடைபாதை, கொரியன் புல்தரை, சிறுவர் விளையாட்டுக் கருவிகள், திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகள், நாலு பெஞ்சு, ஃபேன்சி விளக்கு. சென்னை மாநகராட்சியிடம் உள்ள 700-க்கும் மேற்பட்ட பூங்காக்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். கேட்டால் சீக்கிரம் கிடைப்பதும் இதுதான். மதிப்பீடு, டெண்டர் எல்லாம் பழகிய பாதை.

இதன் பலத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. எல்லா வயதினரும் வரும் இடம் இது ஒன்றுதான். காலையில் சர்க்கரை நோய்க்காக நடக்கிறவர்கள், மாலையில் கைக்குழந்தையோடு அம்மாக்கள், இருட்டிய பிறகு வேலை முடித்து வருகிற பெண்கள். பெண்கள் தனியாக, பயமில்லாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்க ஒரு வார்டில் எத்தனை இடம் இருக்கிறது? இந்த ஒரு காரணத்துக்காகவே, பக்கத்தில் வேறு பூங்கா இல்லாத ஊரில் இதைத்தான் முதலில் கேட்பேன்.

மறைந்திருக்கும் செலவு தண்ணீர். ஆயிரம் சதுர மீட்டர் புல்தரை கோடையில் நாளொன்றுக்கு 5,000 லிட்டர் வரை குடிக்கும். மாதத்துக்கு ஒன்றரை லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரி என்றால் பன்னிரண்டு லோடுக்கு மேல். 2019 கோடையில் குடத்தோடு வரிசையில் நின்ற நகரம் இது. போர்வெல் வற்றினால் புல் மூன்று வாரத்தில் காய்ந்துவிடும். புல் காய்ந்தால் ஆள் வரத்து குறையும். அப்புறம் கதவு பூட்டப்படும்.

இன்னொன்று பேவர் பிளாக். டெண்டரில் எளிதாகக் கணக்குக் காட்டக்கூடிய வேலை என்பதால் இடம் முழுக்கப் பதித்துவிடுவார்கள். மழைநீர் இறங்காது, மதியம் சூடு ஏறும். தியாகராய நகரின் நடேசன் பூங்கா இன்றைக்கும் நிறைந்திருப்பதற்கு அங்குள்ள மரநிழல்தான் காரணம். ஆகவே புல்லைக் குறைத்து மரத்தைக் கூட்டச் சொல்லுங்கள். நீரூற்றும் செல்ஃபி பாயின்ட்டும் வேண்டாம் என்று எழுதியே கொடுங்கள். அந்தப் பணத்தில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை கேளுங்கள்.

இரண்டு மூன்று கிரவுண்டு மட்டுமே உள்ள சின்ன இடம் என்றால், வேறு யோசனையே தேவையில்லை. இதுதான் சரி.

## 2. விளையாட்டுத் திடல்

சங்கக் கூட்டங்களில் அதிகம் எதிர்க்கப்படுவது இதுதான். "பசங்க சத்தம் போடுவாங்க, பந்து வந்து கண்ணாடியில் படும், ராத்திரி குடிக்க வருவாங்க." இந்தப் பயத்தில் பாதி உண்மை. ஆனால் அந்தப் பசங்களுக்கு வேறு இடம் எங்கே? தெருவில் கார்கள், பள்ளிக்கூட மைதானம் மாலை பூட்டு, கடற்கரைக்குப் போக பஸ். வியாசர்பாடியில் கால்பந்து வளர்ந்ததற்குக் காரணம் அங்கே பிள்ளைகளுக்குத் திடல் இருந்ததும், அதை விட்டுக்கொடுக்காமல் ஊர் பிடித்து வைத்திருந்ததும்தான். விளையாட இடம் கொடுக்காமல் "எப்பப் பார்த்தாலும் போன்" என்று பிள்ளைகளைத் திட்டுவதில் எந்த நியாயமும் இல்லை. இதில் நான் நடுநிலையாக இல்லை, பிள்ளைகள் பக்கம்தான்.

பத்து கிரவுண்டு இடம் சதுரமாக இருந்தால் 40-க்கு 20 மீட்டர் ஐவர் கால்பந்துத் திடல் ஒன்று, பக்கத்தில் 18-க்கு 9 மீட்டர் கைப்பந்துத் திடல் ஒன்று, சுற்றிலும் நடைபாதை எல்லாம் அடங்கும். கபடிக்கு 13-க்கு 10 மீட்டர் போதும். முழு கிரிக்கெட்டுக்கு இடம் போதாது. அந்த ஆசையை முதலிலேயே விட்டுவிடலாம்.

அடுத்த கேள்வி, தரை. செயற்கைப் புல் பார்க்க அழகு. கவுன்சிலருக்கும் படம் எடுக்க நன்றாக இருக்கும். ஆனால் வெயிலில் அது கொதிக்கும். எட்டுப் பத்து வருடத்தில் மாற்ற வேண்டும். கீழே கான்கிரீட் போட்டிருந்தால் மழைநீர் சொட்டுக்கூட இறங்காது. எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து வேறு. செலவு பிடிக்கும் வசதியைப் பராமரிக்கப் பணம் வேண்டும், பணம் வேண்டுமென்றால் கட்டணம் வேண்டும் என்ற பேச்சு தானாகவே வந்துவிடும். 2024 டிசம்பர் கடைசியில் சென்னை மாநகராட்சி 9 கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, மணிக்கு 120 ரூபாய் கட்டணம் வாங்கத் தீர்மானம் போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் உடனே கைவிட்டது. நல்ல முடிவுதான். ஆனால் அப்படியொரு எண்ணம் எழ முடிந்தது என்பதே நமக்கு எச்சரிக்கை. தினமும் வருகிற பையனுக்கு 120 ரூபாய் என்றால் அந்தத் திடல் அவனுக்கு இல்லை.

செம்மண் திடலுக்கு இந்தப் பிரச்சினை எதுவும் கிடையாது. வருடத்துக்கு ஒரு முறை மண் அடித்து உருளை ஓட்டினால் போதும். நிலையான செலவு உயரமான வலையும் இரண்டு விளக்குக் கம்பமும்தான். வலை இல்லாமல் திடலை ஏற்காதீர்கள். முதல் கண்ணாடி உடைந்த மாலையே சண்டை ஆரம்பித்து, மறுநாள் பூட்டு விழும்.

பெண் பிள்ளைகளுக்கு நேரம் ஒதுக்கிப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். எழுதாவிட்டால் ஒரு மாதத்தில் திடல் முழுக்கப் பையன்கள் கையில் போய்விடும்.

## 3. மழைநீர்ப் பூங்கா

ஸ்பாஞ்ச் பார்க் என்று மாநகராட்சி 2022-க்குப் பிறகு பல இடங்களில் போட்டுவருவது இதுதான். பூங்காவின் தாழ்வான பகுதியில் ஆழம் குறைந்த குளம் வெட்டி, அடியில் உறிஞ்சு கிணறு இறக்கி, சுற்றியுள்ள தெருத் தண்ணீரையும் உள்ளே விடுவார்கள். மீதி இடத்தில் மரம், நடைபாதை.

2015 வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்களுக்கு இது பிடித்துப்போவதில் வியப்பில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு நம்புவோம். 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் பத்து கிரவுண்டு இடத்தில் மட்டும் 2.2 லட்சம் லிட்டருக்கு மேல் விழும். சாலைகள் போக அந்த ஐந்தரை ஏக்கர் முழுக்க என்றால் 22 லட்சம் லிட்டர். ஒன்றரை கிரவுண்டில் ஐந்தடி ஆழக் குளம், கரை சரிவு போக, நாலு லட்சம் லிட்டர் பிடிக்கும். ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. பெருவெள்ளத்தை இது நிறுத்தாது. ஆனால் சாதாரண ஐப்பசி மழையில் உங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்பதைக் குறைக்கும். அந்தத் தண்ணீர் கோடையில் பக்கத்துக் கிணறுகளில் தெரியும்.

எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது என்பதை மண்தான் சொல்லும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதி மணல். தண்ணீர் விழுந்ததும் இறங்கும். வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் களி. கார்த்திகையில் நிலத்தடி நீரே தரைக்குச் சற்றுக் கீழே வந்து நிற்கும். அங்கே குளம் வெட்டினால், மழைக்கு முன்பே ஊற்றுநீரால் நிரம்பிவிடும். வெளித்தண்ணீருக்கு அதில் இடம் எங்கே? கிண்டிப் பக்கம் பாறை தட்டும்.

இதைத் தெரிந்துகொள்ள நிபுணர் வர வேண்டியதில்லை. ஒரு அடி அகலம், இரண்டடி ஆழத்துக்கு ஒரு குழி எடுங்கள். தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள். மறுபடி நிரப்பி, ஒரு குச்சியில் கோடு போட்டு நட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். அரை அங்குலம்கூட இறங்கவில்லை என்றால் இந்தத் தேர்வை விட்டுவிடலாம். இதைப் பங்குனியிலும் செய்யுங்கள், ஐப்பசியிலும் செய்யுங்கள். கோடையில் மட்டும் செய்தால் ஏமாந்துபோவோம்.

மறைந்திருக்கும் பெரிய ஆபத்து கழிவுநீர். பல தெருக்களில் வீட்டுச் சாக்கடையைத் திருட்டுத்தனமாக மழைநீர் வடிகாலில் இணைத்திருக்கிறார்கள். மே மாதத்தில், ஒரு துளி மழை இல்லாத நாளில், வடிகால் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே தண்ணீர் ஓடினால் அது மழைநீர் அல்ல. அந்த வடிகாலைக் குளத்தில் விட்டால் ஆறு மாதத்தில் நாற்றம், கொசு, புகார் மனு. இணைப்புகளைத் துண்டித்த பிறகே குளம் என்று கவுன்சிலரிடம் உறுதியாகச் சொல்ல வேண்டும். வாக்காளர்களின் வீட்டு இணைப்பைத் துண்டிப்பது அவருக்குச் சங்கடமான வேலை. அதைச் செய்யும் துணிவு அவருக்கு இருக்கிறதா என்பது அவருடைய பழைய வேலைகளைப் பார்த்தாலே தெரியும்.

கொசுவைப் பொறுத்தவரை, குளம் இரண்டு மூன்று நாளில் வற்றினால் பயமில்லை. முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். வற்றாத குளம் என்றால் மீன் விட வேண்டும். ஐந்தடி ஆழம் குழந்தைகளுக்கு ஆபத்து என்பதால் சுற்றிலும் கம்பி வேலி கட்டாயம். பருவமழைக்கு முன் தூர் வாருவதற்கு ஒவ்வொரு ஆண்டும் ஆளும் பணமும் வேண்டும்.

## 4. அடர்வனம்

ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கியின் முறையில், சதுர மீட்டருக்கு மூன்று முதல் ஐந்து கன்று வரை நெருக்கி நட்டு வளர்ப்பது. மாநகராட்சி 2020-ல் கோட்டூர்புரத்தில் இதை ஆரம்பித்தது. வேகமாக வளரும், இரண்டு மூன்று வருடம் தண்ணீர் விட்டால் பிறகு தானே நிற்கும். நாலு தேர்விலும் நீண்டகாலப் பராமரிப்பு மிகக் குறைவு இதற்குத்தான்.

ஆனால் உள்ளே யாரும் போக முடியாது. பத்து கிரவுண்டையும் காடாக்கினால் ஊருக்கு அது ஒரு பச்சைச் சுவர் மட்டுமே. உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. பெண்கள் அந்தப் பக்கமாக நடக்கவே தயங்குவார்கள். வேறு பூங்கா இல்லாத வார்டில் இதைக் கேட்காதீர்கள். கால்வாய் ஓரம், ரயில் பாதை ஓரம், குப்பை கொட்டும் நீள்துண்டு நிலம் போன்ற, எப்படியும் யாரும் உட்கார முடியாத இடங்களுக்கு இது அருமையான தீர்வு.

மரம்தான் ஆசை என்றால், அதே கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரையில் உள்ள மரப் பூங்காவைப் போய்ப் பாருங்கள். குப்பைமேடாகக் கிடந்த இடத்தில் 'நிழல்' அமைப்பும் ஊர் மக்களும் 2006 வாக்கில் நட ஆரம்பித்தார்கள். நம் மண்ணின் மரங்கள், இடைவெளி விட்டு, நடுவே நடக்கப் பாதையோடு. பொறுமை வேண்டும். ஆனால் மனிதருக்கும் அதில் இடம் உண்டு.

## ஒரே பார்வையில்

| | அலங்காரப் பூங்கா | செம்மண் திடல் | மழைநீர்ப் பூங்கா | அடர்வனம் |
|---|---|---|---|---|
| யாருக்கு | எல்லா வயதினருக்கும் | பிள்ளைகள், இளைஞர் | நடப்பவர்கள். தெரு முழுக்கப் பலன் | நேரடிப் பயன்பாடு இல்லை |
| கோடைத் தண்ணீர் | மிக அதிகம் | குறைவு | குறைவு | முதல் மூன்று வருடம் மட்டும் |
| மண் | எதுவும் சரி | எதுவும் சரி. களியில் சேறு | மணல் வேண்டும் | மண்ணைத் திருத்த வேண்டும் |
| தொடர்செலவு | ஆள், தண்ணீர், மின்சாரம் | வலை, விளக்கு | தூர், வேலி, கொசு | பிறகு சொற்பம் |
| பெரிய ஆபத்து | காய்ந்து பூட்டப்படுவது | சண்டை | கழிவுநீர் | பாதுகாப்பு |
| மாற்ற முடியுமா | ஓரளவு | எளிது | கடினம் | மரம் வெட்டாமல் முடியாது |

## யார் கையில் பராமரிப்பு?

மேலே எதைத் தேர்ந்தாலும் இந்தக் கேள்வி நிற்கும். ஒப்பந்ததாரரிடம் விட்டால், டெண்டரில் பராமரிப்புக் காலம் எத்தனை ஆண்டு, எத்தனை ஆள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை திறந்திருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதாததை மாநகராட்சியின் புகார் எண்ணான 1913-க்கு எத்தனை முறை கூப்பிட்டாலும் வாங்க முடியாது.

நிறுவனம் தத்தெடுத்தால் நன்றாக நடக்கும் என்பதற்கு மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்கா சாட்சி. சுந்தரம் ஃபைனான்ஸ் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்கிறது. அங்கே காலையில் போனாலே வித்தியாசம் தெரியும். ஆனால் எந்த வார்டுக்கும் அப்படி ஒரு நிறுவனம் வந்துவிடும் என்று நம்பி இருக்க முடியாது. மயிலாப்பூருக்கு வருகிறவர்கள் எண்ணூருக்கும் பெரும்பாக்கத்துக்கும் வருவது கடினம்.

நலச்சங்கமே பார்த்துக்கொள்வது மூன்றாவது வழி. நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் திரட்டினால் மீதியை அரசு தரும். அக்கறையுள்ள சங்கம் என்றால் இதைவிட நல்ல பராமரிப்பு கிடையாது. ஆனால் பணம் போட்டதும் "எங்க பார்க்" என்ற எண்ணம் வந்துவிடும். சாவி செயலாளர் வீட்டுக்குப் போகும். பக்கத்துக் குடிசைப் பகுதிப் பிள்ளை உள்ளே வந்தால் "எந்தத் தெரு நீ?" என்று கேட்பார்கள். பொது இடத்தில் அந்தக் கேள்வியை யாரும் யாரிடமும் கேட்கக் கூடாது. சாவி மாநகராட்சியிடம் இருக்க வேண்டும், மேற்பார்வை மட்டும் சங்கத்திடம் இருக்கலாம் என்பதில் நான் உறுதியாக இருப்பேன்.

## சரி, பத்து கிரவுண்டில் நான் எதைக் கேட்பேன்?

மணல் பாங்கான, நடக்கும் தூரத்தில் வேறொரு பூங்கா உள்ள நகர் என்றால், திடலையும் மழைநீரையும் ஒன்றாக்கிக் கேட்பேன். 40-க்கு 20 மீட்டர் செம்மண் திடலைச் சுற்றுத் தரையைவிட ஒன்றரை அடி தாழ்த்தி அமைத்தால், அதில் மட்டும் 3.6 லட்சம் லிட்டர் நிற்கும். ஐந்தடிக் குளம் பிடிப்பதற்கு ஏறக்குறைய சமம், ஆழமோ முட்டிக்குக் கீழே. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரத்தில் 2013 முதல் இப்படி ஒரு சதுக்கம் இருக்கிறது. வெயில் நாளில் கூடைப்பந்து, பெருமழை நாளில் குளம். நமக்கு மழையில் பெரும்பகுதி மூன்று மாதத்தில் கொட்டித் தீர்ந்துவிடுவதால் இது இன்னும் பொருந்தும். ஐப்பசி, கார்த்திகையில் சில வாரம் விளையாட முடியாது, அவ்வளவுதான். சுற்றிலும் பூவரசு, புங்கம், மகிழம் நட்டு, அடியில் மண் நடைபாதை. முதியவர்களுக்கு அதுவே போதும்.

களிமண் பகுதி என்றால் தாழ்த்த வேண்டாம். தை வரை சேறாகவே கிடக்கும். சமதரையில் திடலும், சுற்றி மரப்பாதையும். வேறு பூங்காவே இல்லாத இடம் என்றால், பாதி புல் குறைந்த பூங்கா, பாதி திடல். கவுன்சிலரின் பழைய பூங்கா மதியம் மூன்று மணிக்குப் பூட்டியிருந்தால், எந்த மண்ணாக இருந்தாலும் வெறும் செம்மண் திடலும் மரமும் போதும். பராமரிக்க ஆள் வராவிட்டாலும் பிள்ளைகள் அதை உயிரோடு வைத்திருப்பார்கள்.

மனுவில் எழுத வேண்டியவை: இடத்தின் சர்வே எண், தானப் பத்திர எண், குழிச் சோதனையின் அளவு, திறந்திருக்கும் நேரம், கட்டணம் கூடாது என்ற வரி, மூன்றாண்டுப் பராமரிப்பு டெண்டரிலேயே சேர வேண்டும் என்ற வரி, கூட்டத்துக்கு வராத பிள்ளைகளிடமும் அம்மாக்களிடமும் கேட்டு வாங்கிய கையெழுத்துகள். பகுதி சபையில் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். கவுன்சிலரிடம் ஒரு பிரதி, மண்டல அலுவலகத்தில் ஒரு பிரதி. இரண்டிலும் தேதி முத்திரையோடு ஒப்புகை வாங்கி வையுங்கள். அடுத்த தேர்தலில் ஜெயிப்பவர் வேறொருவராக இருந்தால், அவரிடம் முதலில் காட்ட வேண்டிய காகிதம் அதுதான்.